இன்வெசேலியஸ்: முகத்தில் அடிபட்டவருக்கு அவர் எலும்பைச் சுற்றிக் காட்டும் இலவச மென்பொருள்

முகத்தில் அடிபட்ட முதல் மூன்று நான்கு நாட்கள் கண்ணாடி உண்மையைச் சொல்லாது. வீக்கம் எல்லாவற்றையும் மூடிவிடும். கன்ன எலும்பு உள்ளே அமிழ்ந்திருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கோ கன்னம் உப்பலாகத் தெரியும். "கன்னம் உள்ளே போயிருக்கு, தூக்கி பிளேட் வைக்கணும்" என்று மருத்துவர் சொன்னால், "வீங்கித்தானே இருக்கு, வடிஞ்சா சரியாயிடாதா டாக்டர்?" என்று வீட்டார் கேட்பது நியாயம்தான். கறுப்பு வெள்ளை ஸ்கேன் பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி விளக்கினாலும் அது அவர்களுக்கு முகமாகத் தெரிவதில்லை. வீக்கம் வடிந்து பள்ளம் வெளியே தெரியும்போது இரண்டு வாரம் போயிருக்கும். எலும்பு தவறான இடத்தில் ஒட்டத் தொடங்கிய பிறகு அதைத் திருத்துவது பெரிய வேலை.

இந்த இடைவெளியை அடைக்க இன்வெசேலியஸ் நல்ல கருவி. பிரேசில் நாட்டின் காம்பினாஸ் நகரில் உள்ள ரெனாட்டோ ஆர்ச்சர் தகவல் தொழில்நுட்ப மையம் 2001இல் உருவாக்கத் தொடங்கியது. முழுக்க இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப் போதும். புதுவையிலும் கடலூரிலும் உள்ள சிறிய முகத்தாடை அறுவை கிளினிக்குகள், பல் மருத்துவக் கல்லூரிப் பயிற்சி மாணவர்கள், விபத்துப் பிரிவு மருத்துவர்கள் ஆகியோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஒரு நிபந்தனை உண்டு: நோயாளிக்கு விளக்க மட்டுமே இது. நோயைக் கண்டறிய ரேடியாலஜிஸ்ட்டின் அறிக்கைதான் ஆதாரம். இதில் வரும் முப்பரிமாணப் படம் இல்லாத ஓட்டையைக் காட்டும், இருக்கிற விரிசலை மறைக்கும். ஏன் என்று தெரிந்தவர் கையில்தான் இது பயன்படும்.

முதலில் என்ன ஸ்கேன் வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தப் பகுதியில் ஸ்கேன் ஓரிடத்தில், அறுவை சிகிச்சை வேறிடத்தில் நடப்பது சகஜம். பண்ருட்டியிலோ நெல்லிக்குப்பத்திலோ விழுந்தவருக்குக் கடலூரில் ஸ்கேன் எடுத்து, முள்ளோடையைத் தாண்டிப் புதுவைக்கு அனுப்புவார்கள். கையில் வருவது பெரும்பாலும் பிலிமும், அதை வாட்ஸ்அப்பில் பிடித்த போட்டோவும்தான். இரண்டில் இருந்தும் முப்பரிமாணம் செய்ய முடியாது. டைகாம் கோப்புகள், அதாவது ஸ்கேன் வெட்டுகளை அளவு விவரங்களோடு சேமிக்கும் மருத்துவப் படக் கோப்புகள், வேண்டும். ஸ்கேன் மையத்தில் குறுந்தகடாகத் தருவார்கள். இப்போதைய லேப்டாப்புகளில் அதைப் போட வழியில்லாததால் பென்டிரைவில் கேட்டு வாங்குவது நல்லது. குறுந்தகட்டில் வெறும் ஜேபெக் படங்கள் மட்டும் பதிந்து தருகிற மையங்களும் உண்டு. வாங்கும்போதே "டைகாம் இருக்கா?" என்று கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. விபத்து என்றதும் தலைக்குத்தான் ஸ்கேன் எடுப்பார்கள். அது மூளைக்கானது: 5 மி.மீ. தடிமனான வெட்டுகள், பெரும்பாலும் கீழ்த்தாடைக்கு மேலேயே நின்றுவிடும். அதை வைத்து முகத்தைச் செய்தால் படிக்கட்டு படிக்கட்டாக ஒரு மண்டையோடு வரும், கண்குழியின் தளம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. முகத்துக்கு 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகள் வேண்டும், நெற்றியில் இருந்து முகவாய் வரை. நல்ல செய்தி என்னவென்றால், சில நேரம் மறுபடி ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. முகம் முழுவதும் ஸ்கேனுக்குள் வந்திருந்தால், இயந்திரத்தில் உள்ள மூலத் தரவில் இருந்து மெல்லிய வெட்டுகளைப் பிறகும் எடுத்துத் தரலாம். ஆனால் மூலத் தரவு இயந்திரத்தில் சில நாட்களே இருக்கும், அடுத்தடுத்த நோயாளிகள் வரவர அழிந்துவிடும். அதனால் நோயாளி வந்த அன்றே மையத்துக்குப் போன் போட வேண்டும். முப்பரிமாணப் படம் செய்ய கூடுதல் கதிர்வீச்சு எதுவும் கிடையாது. "3டி எடுத்தா ரேடியேஷன் அதிகமாச்சே" என்று பயப்படும் வீட்டாரிடம் இதைத் தெளிவாகச் சொல்லலாம்: எடுத்த ஸ்கேனையே கணினி அடுக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

போன் போடும்போது மென்திசுவுக்கான வடிகட்டியில் (மூலத் தரவைப் படமாக்கும் கணக்கீட்டு முறை) வந்த மெல்லிய வெட்டுகளையும் சேர்த்துக் கேளுங்கள். எலும்புக்கான கூர்மையான வடிகட்டியில் வந்த வரிசை, தட்டையான படமாகப் பார்க்க அருமையாக இருக்கும். முப்பரிமாணமாக்கினால் எலும்பின் மேல் மணல் தூவியது போலச் சொரசொரப்பு வரும். விரிசலைத் தேட எலும்பு வரிசை, சுற்றிக் காட்ட மென்திசு வரிசை என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே முறை.

இன்வெசேலியஸில் வேலை இடது ஓரத்தில் வரிசையாக இருக்கும்: தரவை ஏற்றுவது, பகுதியைத் தேர்வது, மேற்பரப்பு (சுற்றிப் பார்க்கும் முப்பரிமாண வடிவம்) செய்வது, ஏற்றுமதி செய்வது. டைகாம் அடைவைத் திறந்ததும் ஒரே நோயாளியின் பல வரிசைகள் பட்டியலாக வரும். படங்களின் எண்ணிக்கை அதிகமுள்ள வரிசைதான் பெரும்பாலும் மெல்லிய வெட்டு. அங்கேயே, எல்லா வெட்டுகளையும் வைப்பதா அல்லது இரண்டுக்கு ஒன்றைத் தாண்டுவதா என்று கேட்கும். ரேம் குறைவான கணினியில் தாண்டத் தோன்றும். தாண்டாதீர்கள். 512க்கு 512 புள்ளிகள் கொண்ட ஒரு வெட்டு அரை எம்பி. 300 வெட்டு என்றாலும் 150 எம்பிதான். இதைச் சமாளிக்க முடியாத லேப்டாப் என்றால் லேப்டாப்பைத்தான் மாற்ற வேண்டும். ஸ்கேன் எடுத்தபோது இயந்திரத்தின் வளையம் சாய்ந்திருந்தால் அதையும் எச்சரித்துத் திருத்தவா என்று கேட்கும். மூளைக்கான ஸ்கேனில் இது வரும்; திருத்தாமல் விட்டால் முகம் முழுவதும் கோணலாக நிற்கும். முகம் கோணிவிட்டதோ என்று ஏற்கெனவே பயந்திருக்கும் நோயாளிக்கு இதைவிடத் தவறான படம் இருக்க முடியாது.

அடுத்தது எல்லை அளவு: எந்த அடர்த்தி முதல் எந்த அடர்த்தி வரை எலும்பு என்று கணினிக்குச் சொல்லும் எண்கள். தண்ணீரின் அடர்த்தியை 0 என்றும் காற்றை –1000 என்றும் வைத்த அளவுகோல் இது. முதல் சி.டி. ஸ்கேனரை உருவாக்கி 1979இல் நோபல் பரிசு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் வழங்குகிறது. எலும்புக்கு இன்வெசேலியஸ் 226 முதல் 3071 வரை எடுத்துக்கொள்ளும். பெரியவர்களின் கீழ்த்தாடை, கன்ன எலும்பு, நெற்றிக்கு இது சரி. சின்னப் பிள்ளைகளின் எலும்பு அவ்வளவு அடர்த்தி இல்லாததால் கீழ் எல்லையை 150 அளவுக்கு இறக்க வேண்டியிருக்கும். பல் மையங்களில் எடுக்கும் கூம்புக் கதிர் ஸ்கேனில் இந்த எண்களை அப்படியே நம்பக் கூடாது. அதில் அளவுகோல் ஒரே சீராக இருக்காது, கண்ணால் பார்த்துத்தான் நகர்த்த வேண்டும்.

இங்கேதான் பொய் ஓட்டை பிறக்கிறது. கண்குழியின் தளமும் மூக்குப் பக்கச் சுவரும் பல இடங்களில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு புள்ளிக்குள் அந்த மெல்லிய எலும்பும் பக்கத்துக் காற்றும் கொழுப்பும் சேர்ந்து விழுவதால் சராசரி அடர்த்தி 226க்குக் கீழே போய்விடும். கணினி அதை எலும்பு இல்லை என்று விட்டுவிடும். அடிபடாத, நல்ல கண்குழியிலும் ஓட்டை தெரியும். அதைப் பார்த்த தாய், "ஐயோ, கண்ணுக்கடியில ஓட்டை விழுந்துடுச்சே" என்று அழத் தொடங்குவார்.

இதற்கு இன்வெசேலியஸில் ஒரு நல்ல வழி இருக்கிறது. எல்லைக் கோலை நோயாளி பார்க்கும்போதே மெதுவாக நகர்த்துங்கள். வெட்டுப் படத்தில் வண்ணம் பூசிய பகுதி விரியும், சுருங்கும். பொய் ஓட்டை எல்லையை இறக்கினால் மூடிக்கொள்ளும், ஏற்றினால் பெரிதாகும். உண்மையான முறிவின் விளிம்பு, குறிப்பாகத் தடிமனான எலும்பில், பெரிதாக அசையாது. பிறகு முகத்தை முன்னால் இருந்து பார்ப்பது போல வெட்டிய படத்தைக் காட்டி, அடிபடாத பக்கத்தில் வெள்ளைக் கோடு தொடர்ந்து போவதையும், அடிபட்ட பக்கத்தில் அது அறுந்து கொழுப்பு, கீழே உள்ள சைனஸ் என்ற காற்றறைக்குள் துளியாகத் தொங்குவதையும் ஒப்பிட வேண்டும். கண்குழித் தளத்தை முப்பரிமாணத்தில் மட்டும் வைத்து யாரும் பேசக் கூடாது. இன்வெசேலியஸ் திறந்ததுமே மூன்று வெட்டுப் படங்களும் ஒரு முப்பரிமாணமும் நான்கு கட்டங்களாக நிற்பது இந்த வேலைக்காகவே அமைந்த மாதிரி இருக்கிறது. பல பயனர்கள் முப்பரிமாணக் கட்டத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். நான்கையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

இயற்கையான ஓட்டைகளும் உண்டு. கண்ணுக்குச் சற்றுக் கீழே இரு பக்கமும் ஒவ்வொன்று, முகவாயின் இரு பக்கமும் ஒவ்வொன்று. நரம்பு வெளியே வரும் வழி அவை. நோயாளி கேட்பதற்கு முன்பே இவற்றைக் காட்டிவிட்டால் இரண்டு லாபம்: பயம் போகும், கன்னமும் மேலுதடும் ஏன் மரத்துப்போயிருக்கிறது என்பதும் அந்த ஒரு புள்ளியிலேயே புரிந்துவிடும். கன்ன எலும்பு முறியும் கோடு பெரும்பாலும் கண்ணுக்கடியில் உள்ள அந்தத் துவாரத்தின் ஓரமாகவே போகும்.

மேற்பரப்பு செய்யும் பெட்டியில் இரண்டு கட்டங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று ஓட்டைகளை நிரப்புவது, மற்றொன்று மிகப் பெரிய துண்டை மட்டும் வைப்பது. 3டி அச்சுக்கு அழகான வடிவம் வேண்டுபவர்களுக்கு இரண்டும் வசதி. முறிவை விளக்கப் போகிறவருக்கு இரண்டும் ஆபத்து. பெரிய துண்டை மட்டும் வைக்கச் சொன்னால், தனியாகக் கழன்று நிற்கும் எலும்புச் சில்லுகள் காணாமல் போகும். வாய் சற்றுத் திறந்த நிலையில் எடுத்த ஸ்கேன் என்றால் கீழ்த்தாடையே மறைந்துவிடும். இரண்டையும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். வழவழப்பாக்கும் முறையிலும் அளவு வேண்டும். படிக்கட்டைக் குறைக்க அது உதவும், ஆனால் இடம் நகராத மெல்லிய விரிசல் அந்த வழவழப்பில் மூடிப்போகும்.

"3டில ஒண்ணுமே தெரியலையே, எதுக்கு வாயைக் கம்பி போட்டுக் கட்டணும்?" என்ற கேள்வி இந்த மூடிய விரிசலில் இருந்துதான் வருகிறது. பதில் வெட்டுப் படத்தில் இருக்கிறது. அதைத் தயாராக நிறுத்தி வைத்திருக்க வேண்டும். எதிர்த் திசையிலும் தவறு நடக்கும்: புருவத்தின் வெளி ஓரத்தில் நெற்றி எலும்பும் கன்ன எலும்பும் சேரும் இயற்கையான இணைப்புக் கோடு விரிசலாகத் தெரியும். இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் இணைப்பு, ஒரு பக்கம் மட்டும் அகன்றிருந்தால் சந்தேகம். ஸ்கேன் நேரத்தில் நோயாளி எச்சில் விழுங்கினாலோ தலை ஆடினாலோ கீழ்த்தாடையில் ஒரே மட்டத்தில் படி விழும். அதே மட்டத்தில் தோல் வரியும் படியாக உடைந்திருந்தால் அது அசைவு, முறிவு இல்லை. உலோகம் நிரப்பிய பல்லில் இருந்து முள் முள்ளாகக் கிளம்பும் கோடுகளை அழிப்பானால் வெட்டு வெட்டாக அழிக்கலாம். ஆனால் பல் வரிசையை ஒட்டி அழிக்கும்போது விரிசலையும் சேர்த்து அழிக்க வாய்ப்பு உண்டு, ஆகவே விளக்கும் இடத்துக்குத் தேவையில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம்.

மேற்பரப்பு வந்ததும் அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. கீழ்த்தாடைக்கு ஒரு நிறம், நகர்ந்த துண்டுக்கு ஒரு நிறம், மீதி மண்டைக்கு வெளிறிய நிறம். சிவப்பைத் தவிருங்கள், ரத்தமாகத் தோன்றும். மண்டையை ஒளி ஊடுருவுமாறு பாதி மங்கலாக்கிவிட்டால் உள்ளே தாடை மூட்டின் தலை எப்படி மடங்கியிருக்கிறது என்று காட்ட முடியும். இவ்வளவுக்கும் பழகிய கைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். நோயாளியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு இதைச் செய்யக் கூடாது. முன்பே முடித்துக் கோப்பாகச் சேமித்து வைத்தால், அவர் வந்ததும் திறந்து காட்டலாம்.

காட்டும் முறைக்கும் வரிசை உண்டு. அடிபடாத பக்கத்தில் தொடங்குங்கள். "அம்மா, இது உங்க பையனோட இடது கன்னம், இது நல்லா இருக்கு. இந்த வளைவைப் பாத்துக்கோங்க." பிறகு மெதுவாகத் திருப்பி மற்றப் பக்கம். இடம் வலம் குழப்பம் கட்டாயம் வரும். கண்ணாடியில் பார்த்துப் பழகியவருக்கு வலது கன்னம் வலது பக்கமே தெரிய வேண்டும். திரையிலோ எதிரே நிற்கும் ஆள் போல இடம் மாறித் தெரியும். அவர் விரலை அவர் கன்னத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டுத் திரையில் அதே இடத்தைக் காட்டினால் குழப்பம் தீரும். மென்பொருளில் படத்தைப் புரட்டும் கட்டளையைத் தெரியாமல் அழுத்திவிட்டால் உண்மையிலேயே பக்கம் மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் திறந்தவுடன் வெளியே தெரியும் தையல் அல்லது விழுந்த பல் எந்தப் பக்கம் என்று சரிபார்ப்பது கட்டாயம்.

கன்ன எலும்பு அமிழ்ந்ததை முன்னால் இருந்து காட்டினால் எடுபடாது. முகவாய்க்கு அடியில் இருந்து மேல்நோக்கி, அல்லது உச்சந்தலையில் இருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் கோணத்துக்குத் திருப்புங்கள். இரு கன்னங்களின் முன்னீட்டமும் பக்கவாட்டு வளைவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், எது தாழ்ந்தது என்று கிராமத்துப் பாட்டிக்கும் தெரியும். "வீக்கம் வெளியில, எலும்பு உள்ள" என்ற ஒரு வரி அப்போது போதும். கீழ்த்தாடைக்குப் பின்பக்கக் கோணம் வேண்டும். தலையின் பாதியை மட்டும் மறைக்கும் ஹெல்மெட்டோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் விழுகிறவர் முகவாய் தரையில் அடிக்கும். அடி ஓரிடம், முறிவு காதுக்கு முன்னால் உள்ள மூட்டில். கண்ணாடி வளையலை ஒரு பக்கம் அழுத்தினால் இரண்டு இடத்தில் உடைவது போலத்தான் தாடையும். வலிக்கிற இடத்தை மட்டும் நம்பும் நோயாளிக்கு மூட்டு முறிவைப் புரியவைக்க, பின்னால் இருந்து பார்க்கும் அந்த ஒரு படம் ஈடில்லாதது.

தோலோடு சேர்த்துக் காட்டும் தயார் அமைப்புகளும் உண்டு. அவற்றை நோயாளியிடம் முதலில் திறக்க வேண்டாம். முடி தெரியாது, கண் மூடியிருக்கும், நிறம் செத்ததாக இருக்கும், ஆக்சிஜன் குழாயும் தலையணையும் தோலோடு ஒட்டி வரும். மகனை இப்படிப் பார்க்கும் தாய் அதற்குப் பிறகு நாம் சொல்வதைக் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார். தவிர, தோல் படத்தைப் பார்த்தால் ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும். பெயரை அழித்துவிட்டோம் என்று நினைத்து அதை வாட்ஸ்அப் குழுவில் போடுவது தவறு. எலும்புப் படத்தைக்கூட நோயாளியின் சம்மதம் இல்லாமல் யாருக்கும் அனுப்பக் கூடாது.

முப்பரிமாணம் அடியோடு ஏமாற்றும் ஒரு நிலையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அடிபட்டால் சிறுவர்களின் கண்குழித் தளம் பச்சைக் கிளை மாதிரி வளைந்து திறந்து உடனே மூடிக்கொள்ளும், கண்ணை அசைக்கும் தசை இடையில் மாட்டிக்கொள்ளும். வெளியே கன்றிப்போயிருக்காது, வெள்ளைவிழி சிவந்திருக்காது, எலும்புப் படம் முழுசாகத் தெரியும். ஆனால் பிள்ளை மேலே பார்க்க முடியாது, பார்க்க முயன்றால் வாந்தி வரும், நாடித் துடிப்பு குறையும். இது அவசரம். அழகான படத்தைக் காட்டி "எலும்பு நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிட்டால் தசை செத்துப்போகும். அதே போல முக நரம்பு, உமிழ்நீர்க் குழாய், பல் வேரின் விரிசல் எதுவும் இந்தப் படத்தில் வராது. வேருக்குத் தனியாகச் சிறிய பல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

மற்ற மென்பொருள்களோடு ஒப்பிட்டால், போலந்தில் இருந்து வரும் ரேடியன்ட் வேகத்தில் முந்தும். பெரிய வரிசையும் நொடிகளில் திறக்கும், ஆனால் விண்டோஸில் மட்டும், அதுவும் பணம் கட்டி. மேக் வைத்திருப்பவர்களுக்கு ஹோரோஸ் உண்டு. 3டி ஸ்லைசர் இலவசம், நல்ல பக்கத்தைப் பிரதியெடுத்து அடிபட்ட பக்கத்தில் பொருத்திப் பார்க்கும் அளவுக்குப் போகலாம். கற்க நாள் பிடிக்கும், அறுவை சிகிச்சையைத் திட்டமிடுகிறவர்களுக்கு அது. நோயாளிக்கு விளக்க மட்டும் என்றால் இன்வெசேலியஸின் எளிமைக்கு ஈடு இல்லை. குறை சொல்வதானால், தோல் எலும்பு இரண்டையும் சேர்த்து நேரடியாக ஒளியூட்டிக் காட்டும் முறை பழைய லேப்டாப்பில் திணறும்.

செய்த வடிவத்தை எஸ்.டி.எல். கோப்பாக எடுத்து 3டி அச்சுக்கும் கொடுக்கலாம். கையில் பிடித்துத் தடவிப் பார்ப்பது, கண் பார்வை மங்கிய முதியவர்களுக்கும் திரையில் சுற்றுவதைப் பின்தொடர முடியாதவர்களுக்கும் பெரிய உதவி. டைட்டானியம் பிளேட்டை முன்கூட்டியே வளைத்துப் பார்க்கவும் அது உதவும். 3டி அச்சுக்குப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழை 60 பாகை வெப்பத்துக்குப் பக்கத்திலேயே இளகிவிடும். கிருமி நீக்கும் 121 பாகை ஆட்டோகிளேவில் வைத்தால் உருக்குலைந்து கிடக்கும், ஆகவே மாதிரி அறுவை மேசைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். அதில் வளைத்த பிளேட்டை மட்டும் தனியாகக் கிருமி நீக்கம் செய்து உள்ளே எடுத்துப் போகலாம். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் மாதிரியை வைத்தாலும் கோணிப்போகும்.

அறுவைக்குப் பிறகு நோயாளிகள், "அதே மாதிரி ஒரு படம் போட்டுக் காட்டுங்க டாக்டர், பிளேட்டைப் பாக்கணும்" என்று ஆசையாகக் கேட்பார்கள். எலும்பு சரியாகப் பொருந்தியதா என்ற மருத்துவச் சந்தேகம் இருந்து ஸ்கேன் எடுத்திருந்தால் தாராளமாகக் காட்டலாம். படத்துக்காக மட்டும் ஒரு ஸ்கேன் எடுக்கக் கூடாது. எடுத்த படத்தைக் காட்டும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: உலோகம் ஸ்கேனில் உப்பித் தெரியும், திரையில் விரல் தடிமனாகத் தெரியும் அந்த பிளேட் உண்மையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும்.